முப்பத்தோராம் நாள் கூலி

எங்கள் ஊர் நத்தம். திண்டுக்கல்லுக்குக் கிழக்கே இருக்கிறது. சுற்றிலும் மாந்தோப்பு, புளியந்தோப்பு. என் பெரியப்பா தோப்புக் குத்தகை எடுப்பவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், ஆனால் காயைப் பார்த்தே எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவார். நான் பி.காம். சேர்ந்த வருஷம், திண்ணையில் உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டார்.

"டேய், தோப்புக் காவலுக்கு ஒருத்தன் வர்றான். முதல் நாள் கூலி ஒரு பைசா போதுங்கிறான். மறுநாள் ரெண்டு பைசா. அதுக்கு மறுநாள் நாலு. தினமும் முந்தின நாள் கூலியை ரெட்டிப்பாக் கொடுக்கணும். வைகாசி மாசம் 31 நாளும் காவல் இருக்கேங்கிறான். வச்சுக்கலாமா?"

"பைசாதானே பெரியப்பா, வச்சுக்குங்க."

சிரித்தார். "போய்க் கணக்குப் போட்டுட்டு வா."

என்னிடம் இருந்தது எட்டு இலக்க கால்குலேட்டர். 26 நாள் வரை ஒழுங்காகக் கூட்டியது. 27-ஆம் நாள் கூலியைச் சேர்த்ததும் ‘எர்ரர்’ காட்டிப் படுத்துவிட்டது. மிச்சத்தை நோட்டில் போட்டேன். முப்பத்தோராம் நாள் கூலி மட்டும் ஒரு கோடி ரூபாயைத் தாண்டியது. மொத்தம் 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா. பெரியப்பாவின் தோப்பை மட்டுமல்ல, பக்கத்துத் தோப்புகளையும் விற்றால்கூடக் காவல்காரனுக்குக் கணக்குத் தீர்க்க முடியாது.

தொகையைச் சொன்னேன். அவர் அசரவில்லை. "அப்ப அவனை மார்கழியிலே வரச் சொல்லு. 29 நாள்தானே!"

பல வருஷம் கழித்து, 2014 டிசம்பரில், செய்தி அறையில் ஒரு தகவல் வந்தது. கொரியப் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டை யூடியூப்பில் பார்த்தவர்கள் எண்ணிக்கை, அந்த கவுன்ட்டர் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிவிட்டதாம். அளவு எவ்வளவு? 214,74,83,647. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. புள்ளியை எடுத்துவிட்டுப் பார்த்தால் சாட்சாத் எங்கள் காவல்காரன் கூலி, பைசாக் கணக்கில்!

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இந்தக் கட்டுரை. 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்ற ஒற்றை எண்ணுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஐந்நூறு வருஷத்துச் சரித்திரம்.

முதலில் ஒரு சின்ன சமாசாரம். 2, 3, 5, 7, 11 போல, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் பகா எண். ஸ்கூலில் படித்ததுதான். காவல்காரனின் மொத்தக் கூலியை நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். 2 நாளைக்கு 3 பைசா. 3 நாளைக்கு 7. நாலு நாளைக்கு 15. ஐந்து நாளைக்கு 31. எந்த நாளில் நிறுத்தினாலும் மறுநாள் கூலிக்கு ஒரு பைசா குறைவாக வரும். இதில் 3, 7, 31 பகா எண்கள். 15 இல்லை. நாள் கணக்கே பகா எண்ணாக இல்லாவிட்டால் கூலியும் பகா எண்ணாக வராது. இது சுலபம். ஆனால் நாள் பகா எண்ணாக இருந்தால் கூலியும் பகா எண்ணாகிவிடுமா?

அங்கேதான் பெரிய பெரிய ஆசாமிகள் எல்லாம் சறுக்கினார்கள். 11 பகா எண். ஆனால் 11 நாள் கூலி 2047 என்பது 23-ஐ 89-ஆல் பெருக்கினால் வருவது. இதை 1536-ல் ரெஜியஸ் என்பவர் எடுத்துக் காட்டினார்.

பெரியப்பா சொன்ன மாதிரி மாசத்தை மாற்றிப் பார்ப்போம். பிப்ரவரிக்கு 28 நாள். கூலி 3-ஆல் வகுபடும். மார்கழிக்கு 29. இது பகா எண்தான், ஆனால் கூலி 53 கோடிச் சொச்சம் பைசா, 233-ஆல் வகுபட்டுவிடுகிறது. 30 நாள் மாசமும் 3-ஆல் போச்சு. நம் பஞ்சாங்கத்தில் ஆனி மாசம் சில வருஷம் 32 நாள் வரும். அதுவும் 3-ஆல், 5-ஆல், 17-ஆல் எல்லாம் வகுபடும். ஒரு மாசத்துக்கு எத்தனை நாள் இருக்க முடியுமோ அத்தனையிலும் 31 ஒன்றில்தான் கூலி பகா எண். பெரியப்பா தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று கேட்காதீர்கள். வைகாசி மாம்பழ சீசன், அவ்வளவுதான் அவருக்கு.

இந்த 31-ஐ முதலில் துணிந்து சொன்னவர் இத்தாலிக்காரர் கட்டால்டி. வருஷம் 1603. அவர் 17-க்கும் 19-க்கும் உட்கார்ந்து வகுத்துப் பார்த்து நிரூபித்தார். 5 லட்சத்து 24 ஆயிரத்து 287 பகா எண் என்று கையால் கண்டுபிடித்தவர் அவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வேகத்தில் 23, 29, 31, 37 எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்துவிட்டார். நாலில் மூன்று தப்பு. 31 மட்டும் பிழைத்தது.

அடுத்து வந்தவர் பாரிஸ் நகரத்துத் துறவி மாரின் மெர்சென். டெகார்ட், ஃபெர்மா என்று ஐரோப்பாவின் மூளைக்காரர்களுக்கு நடுவே நடமாடும் தபால் ஆபீஸ் மாதிரி இருந்தவர். ஒருவர் எழுதியதை இன்னொருவருக்கு அனுப்புவார், பதில் வாங்குவார், கிளறிவிடுவார். 1644-ல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரைக்கும் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய நாட்களில் மட்டும்தான் பகா எண் வரும் என்றார். (காவல்காரன் கதை அவருக்குத் தெரியாது. சௌகரியத்துக்கு நாள் என்றே வைத்துக்கொள்வோம்.) இதில் 67-ம் 257-ம் தப்பு. 61, 89, 107 விட்டுப்போச்சு. கணக்குப் பதிவியலில் விடுபட்ட பிழை, செய்த பிழை என்று இரண்டு படிப்போம். மெர்சென் இரண்டையும் செய்தார். இருந்தும் இந்த எண்களுக்கு ‘மெர்சென் பகா எண்’ என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது!

மெர்சென் 31-ஐச் சொன்னாரே தவிர நிரூபிக்கவில்லை. நிரூபிப்பது என்றால் என்ன? 214 கோடியின் வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் வகுத்தல். ஒரு இடத்தில் கை தவறினாலும் மொத்தமும் பாழ்.

நூறு வருஷத்துக்கு மேல் அந்த வேலை அப்படியே கிடந்தது. கடைசியில் முடித்தவர் லியோனார்ட் ஆய்லர். எப்போது முடித்தார் என்பதுதான் விசேஷம். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். இளமையிலேயே ஒரு கண் போயிருந்தது. 1766-ல் இன்னொரு கண்ணும் மங்கியது. 1771-ல் ஊரில் பெரிய தீ, வீடு எரிந்தது. அதற்கு அடுத்த வருஷம், 1772-ல், பெர்னூலிக்கு எழுதிய கடிதம் ஒன்றில் 214 கோடியே சொச்சம் பகா எண்தான் என்று முடித்துவைக்கிறார். கண் தெரியாதவர். மனசுக்குள் கணக்குப் போடுவார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். அந்தக் காலகட்டத்தில்தான் அவர் எழுதிக் குவித்தது அதிகம்.

அவர் நாலாயிரம் தடவை வகுக்கவில்லை. இங்கேதான் சூட்சுமம். சற்று முன் பார்த்த 2047-ஐ எடுங்கள். அதன் வகுத்திகள் 23, 89. இரண்டையும் 11-ஆல் வகுத்தால் மீதி 1. தற்செயல் இல்லை. காவல்காரன் எத்தனை நாள் வேலை பார்த்தானோ அந்த நாள் பகா எண்ணாக இருந்தால், கூலியின் எந்த வகுத்தியும் அந்த நாளால் வகுத்தால் 1 மீதி தந்தே ஆக வேண்டும். இது ஃபெர்மா கண்ட ரகசியம். 31 நாளுக்கு இதோடு இன்னொரு சல்லடையையும் ஆய்லர் போட்டார். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுத்து 1 அல்லது 63 மீதி வருகிற எண்கள் மட்டும்தான் 214 கோடியை வகுக்கும் தகுதி உள்ளவை. 46,340-க்குள் அப்படிப்பட்டவை நானூறுகூட இல்லை. அதிலும் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் நூறுக்கும் கீழே. அத்தனையாலும் வகுத்தாகிவிட்டது, ஒன்றும் வகுக்கவில்லை. ஆகவே பகா எண்!

அந்த 248-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு விமானத்தில் வரும்.

இதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக, மனிதனுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான். இதை வைத்து இன்னொரு ராட்சச எண்ணும் கிடைத்தது. 6-ன் வகுத்திகள் 1, 2, 3. கூட்டினால் 6. அதேபோல 28-க்கு 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. இவற்றுக்கு நிறைவெண் என்று பெயர். யூக்ளிட் காலத்திலேயே சூத்திரம் உண்டு. நம் பாஷையில் சொன்னால், மொத்தக் கூலி பகா எண்ணாக இருந்தால், அதைக் கடைசி நாள் கூலியால் பெருக்கினால் நிறைவெண். 2 நாளுக்கு 3-ஐ 2-ஆல் பெருக்கினால் 6. மூன்று நாளுக்கு 7-ஐ 4-ஆல் பெருக்கினால் 28. முப்பத்தொரு நாளுக்குப் பெருக்கினால் 2305843008139952128. பத்தொன்பது இலக்கம்.

இந்தப் பத்தொன்பது இலக்க எண்ணைப் பற்றித்தான் 1811-ல் பீட்டர் பார்லோ என்ற இங்கிலாந்துக் கணிதக்காரர் ஒரு தீர்ப்பு எழுதினார். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவை வெறும் வேடிக்கை எண்கள், உபயோகம் இல்லாதவை, ஆகவே எவனும் மெனக்கெட மாட்டான் என்பது அவர் வாதம்.

எனக்கு பார்லோ மேல் கோபம் இல்லை. காமர்ஸ் படித்தவன், வரவு இல்லாத செலவை நானும் அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் மனுஷ சுபாவத்தை அவர் தப்பாகக் கணித்துவிட்டார். வேடிக்கை என்று தெரிந்தே மெனக்கெடுகிற ஜாதி ஒன்று எப்போதும் இருக்கிறது.

நம்ம ஊர் ஆள் ஒருவரும் அதில் உண்டு. சென்னை துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் 1912-ல் சேர்ந்த ராமானுஜன். அவர் 1913-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகையில் ஒரு கேள்வி போட்டார். 2-ஐ 2-ஆலேயே திரும்பத் திரும்பப் பெருக்கி 7-ஐக் கழித்தால் எப்போதெல்லாம் வர்க்க எண் வரும்? ஐந்து விடைகளைச் சொல்லிவிட்டு, வேறு உண்டா என்று கேட்டார். இதை மாம்பழத்தில் போட்டுப் பார்க்கலாம். காவல்காரனுக்குப் பைசாவுக்குப் பதில் பழமாகக் கூலி. அவன் அதை முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று என்று முக்கோணமாக அடுக்கப் பார்க்கிறான். முதல் நாள் 1 பழம், சரியாக அமையும். 2 நாள் முடிந்தால் 3 பழம், அமையும். 4 நாளுக்கு 15, அமையும். 12 நாளுக்கு 4095 பழம், 90 வரிசை, கச்சிதம். அதற்குப் பிறகு? ராமானுஜன் கேட்டது சாராம்சத்தில் இதுதான். எத்தனை நாள் போனாலும் இனி அமையாது என்று நார்வேக்காரர் நாகெல் 1948-ல் நிரூபித்தார். ராமானுஜன் போய் 28 வருஷம் ஆகியிருந்தது.

பார்லோ முடியாது என்று சொன்ன சிகரத்தையும் தாண்டினார்கள். பிரான்ஸில் எடுவார்ட் லூக்கா 1876-ல் 127 நாள் கூலியைப் பகா எண் என்று காட்டினார். 39 இலக்கம். வகுத்தே பார்க்காமல் சோதிக்கும் ஒரு உபாயம் அவர் கண்டுபிடித்தது. (பாவம், ஒரு விருந்தில் உடைந்த பீங்கான் துண்டு கன்னத்தில் கிழித்து, அதில் சீழ் வைத்து 1891-ல் போய்ச் சேர்ந்தார்.) அவர் உபாயத்தை லேமர் மெருகேற்ற, 1952 ஜனவரி 30 அன்று ராபின்சன் என்பவர் அதை ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரே ராத்திரியில் 521, 607 என்று இரண்டு விழுந்தன. 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்ததற்கு, காவல்காரன் 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 நாள் வேலை பார்க்க வேண்டும். மூன்றே முக்கால் லட்சம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு! கூலியை எழுதவே 4 கோடியே 10 லட்சத்துச் சொச்சம் இலக்கம் வேண்டும்.

சரி, உபயோகம்? பார்லோவின் அந்தக் கேள்வி பாக்கி இருக்கிறது.

கம்ப்யூட்டருக்குக் குலுக்கல் சீட்டு எடுக்கத் தெரியாது. சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். அதனிடம் தாறுமாறாக ஒரு எண் சொல்லு என்றால் ஒரு சூத்திரம்தான் கொடுக்க வேண்டும். 1969-ல் ஐ.பி.எம். மெஷின்களுக்காக லூயிஸ், குட்மேன், மில்லர் மூவரும் ஒன்று கொடுத்தார்கள். ஒரு எண்ணை எடு, 16,807-ஆல் பெருக்கு, 214 கோடியே சொச்சத்தால் வகு, மீதியை வைத்துக்கொள். மறுபடி அதையே செய். 1-ல் தொடங்கினால் 16,807 வரும், பிறகு 28 கோடியே 24 லட்சத்து 75 ஆயிரத்து 249, பிறகு 162 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரத்து 73. பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் 1 முதல் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 646 வரை உள்ள அத்தனை எண்ணும் ஒரே ஒரு தடவை வந்து முடிந்த பிறகுதான் பழைய எண் திரும்பும். வகுக்கிற எண் பகா எண்ணாக இருந்தால்தான் இப்படி ஒன்று விடாமல் சுற்றிவர முடியும். பகா எண் அல்லாததை வைத்தால் வழியில் சிலது விட்டுப்போகும். பல வருஷம் உலகத்தின் எத்தனையோ கம்ப்யூட்டர்களில் சீட்டுக் குலுக்கியது ஆய்லரின் எண்தான். இன்றைக்கு ரகசியத்தைக் காக்க இது போதாது, வேறு நல்ல முறைகள் வந்துவிட்டன.

ரகசியம் என்றதும் எங்கள் மாவட்டத்தின் பெருமையைச் சொல்லாமல் போக முடியாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் ராவி, சாவியை அதற்கென்று தனியாகச் செய்கிற பூட்டு. இன்டர்நெட்டிலும் பூட்டுதான், உள்ளே இருப்பது இரும்புக்குப் பதில் பெரிய பகா எண். அமெரிக்க அரசு தரம் பார்த்து அங்கீகரித்த பூட்டுகளில் ஒன்றுக்கு அடித்தளம், ராபின்சன் அன்றைக்கு ராத்திரி பிடித்த அதே 521 நாள் கூலி. 157 இலக்கம். பார்லோ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். யூடியூப் திணறியதற்கும் இது பகா எண்ணாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. அது வேறு கதை. பழைய கம்ப்யூட்டர்கள் ஒரு எண்ணை 32 சுவிட்சுகளில் வைத்துக்கொள்ளும். ஒரு சுவிட்ச் கூட்டலா கழித்தலா என்று காட்ட. மீதி 31. முதல் சுவிட்சுக்கு மதிப்பு 1, அடுத்ததற்கு 2, பிறகு 4, 8 என்று ரெட்டிப்பு. எல்லாவற்றையும் போட்டுவிட்டால் காவல்காரனின் முழுக் கூலி. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் கழித்தல் சுவிட்ச் விழுந்து, லாபம் அப்படியே நஷ்டமாகிவிடும். யூடியூப் 64 சுவிட்சுக்கு மாறிக்கொண்டது.

அந்த 248? 2015-ல் அமெரிக்க விமானத் துறை ஒரு உத்தரவு போட்டது. போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கன்ட்ரோல் பெட்டிகள் தொடர்ந்து 248 நாள் கரண்டில் இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகலாம், நடுவில் அணைத்துப் போடுங்கள் என்று. நொடியை நூறு பங்காக்கி எண்ணிக்கொண்டே போனால், 214 கோடியே சொச்சம் நிரம்ப 248 நாளும் ஒரு அரை நாளும் ஆகும். ஆய்லரின் 248-ம் இதுவும் ஒன்றானது தற்செயல்தான், ஜோசியம் எதுவும் இல்லை.

நொடியாகவே எண்ணினால் 68 வருஷம். யூனிக்ஸ் என்ற அமைப்பில் நேரம் 1970 ஜனவரி 1 முதல் நொடி நொடியாகத்தான் எண்ணப்படுகிறது. 32 சுவிட்ச் வைத்துக்கொண்டிருக்கும் பழைய மெஷின்களில் அது நிரம்புவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. பொங்கல் லீவு முடிந்து ஜனங்கள் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரம். புது மொபைல், புது கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அவை எல்லாம் 64-க்கு வந்துவிட்டன. கவலை எல்லாம் தொழிற்சாலைச் சுவரிலும் மீட்டர் பெட்டியிலும் வருஷக்கணக்காக யாரும் திறக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் குட்டி மெஷின்களைப் பற்றித்தான். கடன் கணக்குக்கு 2038 வரை காத்திருக்கவும் வேண்டாம். 2018 ஜனவரியில் 20 வருஷ வீட்டுக் கடன் கொடுத்தபோதே, கடைசித் தவணைத் தேதியை எழுத அந்த எல்லையைத் தாண்டியாக வேண்டும்.

திருத்தாமல் விட்ட மெஷினில் அந்த 8:44:07-க்கு அடுத்த நொடி என்ன ஆகும்? கழித்தல் சுவிட்ச் விழும். கடிகாரம் 1970-க்கு முன்னால் 68 வருஷம் பின்னோக்கிப் போய் நிற்கும். தேதி 1901 டிசம்பர் 14, நம் நேரப்படி அதிகாலை 2 மணி 15 நிமிடம். கும்பகோணத்தில், இன்னும் எட்டு நாளில் 14 வயது முடியப்போகிற டவுன் ஹைஸ்கூல் மாணவன் ராமானுஜன் தூங்கிக்கொண்டிருப்பான்.